பெயர் இல்லாத வரி

அருமனைக்கு மேற்கே எந்தக் கல்யாணமானாலும்
பந்தல் வாசலில் மேசை போட்டால்
சுருள் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள்.
கையெழுத்து தெளிவு. கூட்டல் தப்பாது.

நேசையன், பாறவிளை, ஐந்நூறு.
றோஸ்லெட் டீச்சர், களியல், ஆயிரத்தொன்று.
குருசுமுத்துவின் மகளுக்கு நாங்கள் வைத்தது இருநூறு,
அவன் திருப்பி வைத்தது இருநூற்றைம்பது.
அந்த ஐம்பதில் நிற்கிறது அவன் முதுகெலும்பு.

சுருள் கொடுத்தான் என்று யாரும் சொல்வதில்லை,
வைத்தான் என்றுதான் சொல்வோம்.
வைத்தவன் ஒருநாள் எடுக்க வருவான்.

என் மூத்தவள் ஜெசிந்தாவின் கல்யாணத்தில்
எழுதியது மச்சினன்.
பந்தல் பிரித்த ராத்திரி உறைகளை எண்ணினேன்.
இருநூற்றுப் பதினாலாவது உறையில்
ஆயிரம் ரூபாய்த் தாள்கள் ஐந்து.
பெயர் இல்லை. ஊர் இல்லை.
பல்பின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
லேசாக ஒட்டுப்பால் நாற்றம்,
அது என் கையின் நாற்றமாகவும் இருக்கலாம்.

மறுநாள் முதல் அலைச்சல்.
பால்வெட்டு முடிந்த கையோடு
ஷீட் கடை சதாசிவனிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன்.
சிரித்தான்.
ஓடைக்கரை பதினொரு சென்டுக்காக
என்னோடு கோர்ட்டுக்குப் போன ஏசுவடியான்
வாசல் வரைக்கும் போய் நின்றேன்.
அவனாக இருந்துவிடக் கூடாது என்று பயம்;
அவனாக இருந்தால்
நாளைக்கே தீர்த்துவிடலாமே என்று ஆசை.
நாய் குரைத்தது. திரும்பிவிட்டேன்.

"பேரு தெரியாண்டாம்ன்னுதானே எழுதல்ல.
பின்ன நீரு எதுக்கு கெடந்து அலையுதீரு?
அவளுக்கு ஒரு பீரோ வாங்கிக் குடும்"
என்றாள் லீலாபாய்.
யாருக்குத் திருப்புவது என்று தெரியாத பணத்தை
எப்படிப் புழங்குவது?
துணிக்கடைப் பைக்குள் சுருட்டி
அலமாரியின் அடித்தட்டில் தள்ளினேன்.

ஞாயிறுதோறும் போதகர் சொல்வார்:
கிருபை இலவசம், விலை கொடுத்தாயிற்று.
ஆமென் என்பேன், சத்தமாகவே.
சொன்ன வாய் மூடுமுன் மனம் கூட்டத் தொடங்கும்.
தசமபாகம் பாக்கி இல்லை.
கோவில் மதிலுக்குச் சுமந்த சிமெண்ட் நாற்பது மூட்டை.
அசனத்துக்குத் தேங்காய் நூற்றிப்பத்து.
குடியை விட்டுப் பதினாறு வருடம்.
இவ்வளவையும் ஒரு பக்கம் எழுதி
எதிர்ப்பக்கம் அந்தச் சிலுவையை எழுதினால்
ஏறத்தாழ
ஏறத்தாழகூட இல்லை, தெரியும்.
முதல் அடையாது.
வட்டியாவது கட்டுகிறேன் என்றால்
யாருக்கு என்ன நஷ்டம்?

பிறகு அந்த நவம்பர் ராத்திரி. ஆயிரம் இனிச் செல்லாது.
வீட்டிலிருந்த தாள்களை எல்லாம்
மார்த்தாண்டத்தில் நாலு நாள் வரிசையில் நின்று மாற்றினேன்.
அந்த ஐந்தை மட்டும் எடுத்துப் போகவில்லை.
சீட்டில் பெயர் கேட்கிறார்கள்.
என் பெயரை எப்படி எழுதுவேன்?

ஜனவரியில் அது வெறும் காகிதம்.
லீலாபாய் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள்.
"தந்தவரு தந்தாச்சு.
நீரு வாங்கவே இல்லியே."

போன ஞாயிறு திருவிருந்து.
முழங்காலில் நிற்கிறோம். எனக்கு இடப்பக்கம் ஏசுவடியான்,
அவன் இருமல் என் தோளில் படுகிறது.
போதகரின் கை நெருங்க
உள்ளங்கைமேல் உள்ளங்கை வைத்தேன்,
கத்தி பிடித்துக் காய்த்தது, பால்கறை போகாதது.
இப்படியா வெறுங்கையோடு வருவது என்று
கடைசி நொடியில் ஒரு கை நழுவிச்
சட்டைப்பையைத் தடவியது.
பேனாதான் இருந்தது.

மிச்சமிருந்த கையில் அப்பம் விழுந்தது.
எடையே இல்லை.
யார் பெயரில் எழுத என்று கேட்க
வாய் திறந்தேன்.
திறந்த வாயில்
தின்றுவிட்டேன்.